ஜெனோவாவில் படிப்பு, வார இறுதியில் கடற்கரை: எந்தக் காகிதம், எந்த ரயில், எந்தப் படகு?

#1 துடுப்பு

செப்டம்பர் கடைசியில் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் முதுகலை தொடங்குகிறது. இத்தாலி மாணவர் விசா (டைப் டி) கைக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் கடலோர ஊர்களைப் பார்க்க ஆசை. கமோலி, போர்ட்டோஃபினோ, சிங்க்வே தெர்ரே (அடுத்தடுத்து இருக்கும் ஐந்து கடலோர ஊர்கள்), அப்புறம் பிரான்ஸ் எல்லை தாண்டி மென்டன், நீஸ். கார் கிடையாது, கையிருப்பும் குறைவு, சைவம். எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அழகான ஊர்ப் பட்டியல் இணையம் முழுக்கக் கிடக்கிறது, அது வேண்டாம்.

#2 கோப்புக்கட்டு

நீஸை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் பெர்மெசோ.

இத்தாலிக்குள் வந்த 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு (பெர்மெசோ தி சோஜோர்னோ) விண்ணப்பம் போட வேண்டும். ‘ஸ்போர்தெல்லோ அமிக்கோ’ பலகை உள்ள தபால் நிலையத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறை இலவசமாகத் தருவார்கள். உள்ளே இருக்கும் படிவத்தைக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில் நிரப்பவும். உறையை ஒட்டாதீர்கள்! கவுன்டரில் இருப்பவர் உள்ளே உள்ளதைப் பார்த்து, உங்கள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் வாங்குவார். வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்து கவுன்டர் முன்னால் கிழிப்பவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் உண்டு.

செலவு: ‘T’ எழுத்துப் பலகை மாட்டிய தபாக்கி (புகையிலை) கடையில் 16 யூரோ முத்திரை வில்லை. ஓராண்டு வரையிலான அனுமதிக்குக் கட்டணச் சீட்டு 70.46 யூரோ (40 அனுமதிக்கு, 30.46 அட்டைக்கு). தபால் கவுன்டருக்கு 30 யூரோ. ஆக 116.46. தொகைகள் அவ்வப்போது மாறும், சீட்டு நிரப்பும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கத்தின் நகல், சேர்க்கைக் கடிதம், பணவசதிச் சான்று, மருத்துவக் காப்பீடு எல்லாம் உள்ளே போக வேண்டும்.

காப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. அரசு மருத்துவச் சேவையில் மாணவர் தாமாகச் சேரும் கட்டணம் 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும், மாதக் கணக்கில் கழிவு கிடையாது. அதனால் பலர் முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீடு போட்டுவிட்டு, ஜனவரியில்தான் அரசு சேவைக்கு மாறுகிறார்கள். தனியார் பாலிசி வாங்கினால் அது பெர்மெசோவுக்கு ஏற்கப்படும் வகையா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கவுன்டரில் தரும் ரசீதுதான் (ரிச்செவூத்தா) அடுத்த பல மாதங்களுக்கு உங்கள் அடையாளம். காவல்துறைத் தலைமை அலுவலகமான குவெஸ்தூராவில் கைரேகை கொடுக்க வேண்டிய நாளும் அதோடு வரும். அன்றைக்கு 4 புகைப்படம், மூலப் பாஸ்போர்ட், உறைக்குள் வைத்த காகிதங்களின் மூலங்கள். கைரேகை கொடுத்த பிறகும் அட்டை வரச் சில மாதம் ஆகலாம்.

#3 அலைக்கோடு

ஷெங்கனுக்குள் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையே கிடையாதே. ரசீதை வைத்துக்கொண்டு நீஸ் போய்வர எத்தனை பேர் போகிறார்கள், ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது என்கிறார்களே?

#4 கோப்புக்கட்டு

அலைக்கோடு, இந்த விஷயத்தில் ‘எத்தனையோ பேர் போகிறார்கள்’ என்பது வாதமே இல்லை. ஒன்றரை மணி நேரமும் தப்பு. ஜெனோவாவிலிருந்து எல்லையில் உள்ள வென்திமிலியா வரவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அங்கே வண்டி மாற வேண்டும்.

2015 முதல் பிரான்ஸ் தன் எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. வென்திமிலியாவைத் தாண்டினதும் வரும் முதல் நிலையம் மென்டன் கராவான். அங்கே வண்டியை நிறுத்திப் போலீசார் பெட்டி பெட்டியாகப் பார்ப்பது வாடிக்கை.

விதி இதுதான். உங்கள் டி விசாவின் காலம் முடியாதவரை அந்த விசாவைக் காட்டி மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றலாம். விசா முடிந்து வெறும் ரசீது மட்டும் கையில் இருந்தால் முடியாது, ரசீது இத்தாலிக்குள் மட்டுமே செல்லும். விசாவில் ‘வரை’ என்று போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஓராண்டு விசா என்றால் நிம்மதி. குறுகிய காலத்துக்குக் கொடுத்திருந்தால் அட்டை வரும்வரை மென்டன் கனவுதான்.

ஊருக்குப் போகவும் இதே கணக்கு. ரசீதோடு போவதானால் இத்தாலி விமான நிலையத்திலிருந்து கிளம்பி இத்தாலியிலேயே திரும்பி இறங்க வேண்டும், இடையில் ஷெங்கன் நாடு வரக் கூடாது. மிலான், தோஹா, சென்னை என்று போகலாம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக மலிவு டிக்கெட் என்று போட்டுவிடாதீர்கள்.

#5 தண்டவாளம்

ரயில் பகுதியை நான் எழுதுகிறேன்.

ஜெனோவாவில் இரண்டு பெரிய நிலையங்கள், பியாஸா பிரின்சிப்பே மேற்கே, பிரிஞ்ஞோலே கிழக்கே. கிழக்குக் கடற்கரைக்குப் போகும் உள்ளூர் வண்டிகள் பெரும்பாலும் இரண்டிலும் நிற்கும். பழைய நகரின் சந்துகளில் (காருஜி என்பார்கள்) வீடு எடுத்தால் பிரின்சிப்பே பக்கம், கடல் பக்கக் குடியிருப்பு என்றால் பிரிஞ்ஞோலே.

உங்களுக்கு வேண்டியது ‘ரெஜோனாலே’ வண்டி. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விலை, முன்பதிவே தேவையில்லை. ஆனால் அந்த டிக்கெட்டோடு அதே தண்டவாளத்தில் வரும் இன்டர்சிட்டி விரைவு வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். லெவாந்தோவிலும் மோன்தெரோசோவிலும் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும், பலகையில் வண்டி வகையைப் பார்க்காமல் ஏறுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு முத்திரை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு பெட்டிக்குள் செருகித் தேதியும் நேரமும் குத்த வேண்டும். குத்திய பிறகு 4 மணி நேரம் செல்லும். செயலியில் வாங்கினால் குத்தலுக்குப் பதில் ‘செக்-இன்’ பொத்தானை ஏறுமுன் அழுத்த வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு பரிசோதகரைக் கண்டதும் அழுத்துவது அவருக்கு நன்றாகத் தெரியும். பெட்டி வேலை செய்யவில்லையா? டிக்கெட் மேல் பேனாவால் தேதி, நேரம், நிலையம் எழுதிவிட்டு நீங்களாகவே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் தேடி வரும்வரை காத்திருந்தால் கதை வேறு.

ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெசியா நோக்கிப் போகும்போது கடல் வலது பக்கம். முக்கால்வாசி சுரங்கம்தான். இருட்டு, பளிச்சென்று ஒரு துண்டுக் கடல், மறுபடி இருட்டு. வெர்னாஸாவிலும் ரியோமஜோரேயிலும் நடைமேடை சுரங்கத்துக்குள் நீள்கிறது. பின்பெட்டியில் இருப்பவர்கள் வெளியே இருட்டைப் பார்த்து ‘சிக்னலுக்கு நிற்கிறது’ என்று உட்கார்ந்தே இருப்பார்கள், வண்டி கிளம்பிவிடும். நடுப்பெட்டியில் ஏறுங்கள், நிலையப் பெயரை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

வேலைநிறுத்தம்: ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள். வார நாளானால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத வண்டிகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் வெள்ளியன்று செய்தி பார்க்காமல் ஞாயிறு பயணம் போடாதீர்கள்.

#6 உப்புக்கல்

சிங்க்வே தெர்ரே கார்டு (கட்டண நடைபாதைகளுக்கான சீட்டு, ரயிலோடு சேர்த்தும் கிடைக்கும்) வாங்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். வாங்கியே தீர வேண்டும், கணக்கே வேண்டாம் என்பது என் கருத்து.

#7 தண்டவாளம்

கணக்கு கட்டாயம் வேண்டும், உப்புக்கல்.

லெவாந்தோவுக்கும் லா ஸ்பெசியாவுக்கும் இடையே (ஐந்து ஊரும் இந்தத் தடத்தில்தான்), சுற்றுலாக் காலத்தில் ஒரு தடவை ஏறி இறங்க 5 முதல் 10 யூரோ வரை, நாளின் நெரிசலைப் பொறுத்து. அடுத்த ஊர் 3 நிமிடத்தில் வந்தாலும் அதே விலை. ரயிலோடு சேர்ந்த கார்டும் நாளுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அன்றைக்கு மூன்று தடவைக்கு மேல் ரயில் ஏறப்போகிறீர்கள், இடையில் கட்டணப் பாதையிலும் நடக்கப்போகிறீர்கள் என்றால் கார்டு லாபம். மோன்தெரோசோவில் இறங்கி வெர்னாஸாவுக்கு நடந்து, அங்கிருந்து திரும்பி வருவதானால் நடைபாதைக்கான கார்டு மட்டும் போதும். ஜெனோவாவிலிருந்து நேராக மோன்தெரோசோவுக்கு எடுக்கும் டிக்கெட் சாதாரண விலைதான், இந்த ஏற்றம் அதற்குக் கிடையாது.

#8 கச்சான்

தம்பி, உங்கட பட்டியலில் படகைப் பற்றி ஒன்றும் காணேல்லை. அதுதான் ஆட்களை நடுவில் மாட்டி வைக்கிறது.

படகு மழைக்கு நிக்காது, கடலுக்குத்தான் நிக்கும். வானம் பளிங்கு மாதிரி இருக்கும், வெயில் கொளுத்தும், துறையில் ‘இன்றைக்குப் படகு இல்லை’ என்று அட்டை தொங்கும். காரணம் காற்று. தென்மேற்கிலிருந்து வருவதை அவர்கள் லிபெச்சோ என்பார்கள், எங்கட சோழகத்துக்கும் கச்சானுக்கும் இடைப்பட்டது. இந்தக் கரை தெற்கும் தென்மேற்கும் பார்த்தது, அதனால் லிபெச்சோ அடித்தால் அலை நேரே துறைக்குள் ஏறும். காற்று அடங்கின பிறகும் ஒரு நாள் கடல் கிடந்து புரளும். வடக்கிலிருந்து வரும் த்ரமொந்தானா எங்கட வாடை மாதிரி. குளிரும், ஆனால் அது கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் தண்ணி அமைதி. முன்னறிவிப்பில் மழைப் படத்தைப் பார்க்கிறதை விட்டுப்போட்டு அலை உயரத்தையும் காற்றின் திசையையும் பாருங்கோ. 2018 அக்டோபர் 29-ல் அடித்த புயல் போர்ட்டோஃபினோ வீதியையே கடலுக்குள் இழுத்தது, ரப்பல்லோவில் படகுகளைக் கரையில் குவித்தது.

இது ஏன் முக்கியம்? கமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் இடையில் சான் ஃப்ருத்துவோசோ என்று ஒரு மடம், ஒரு சின்னக் குடா. வீதி கிடையாது. படகு, இல்லாட்டி கால். கடைசிப் படகு போனாலோ, மத்தியானத்துக்குப் பிறகு கடல் கெட்டாலோ போர்ட்டோஃபினோவுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் மலை ஏறி இறங்க வேணும். ஒக்டோபர் கடைசியில் 5 மணிக்கே காட்டுக்குள் மங்கும். அதனால் ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கோ: காலையில் நடந்து போய், பின்னேரம் படகில் வாறதை விட, காலையில் படகில் போய் வெளிச்சம் இருக்கும்போது நடந்து வாறது பாதுகாப்பு. காலையிலேயே படகு இல்லை என்றால் அந்த நாளை வேறு ஊருக்கு மாற்றலாம்.

கமோலியிலிருந்து நடக்கிறதுதான் விருப்பம் என்றால் முதலில் படிக்கட்டில் சான் ரோக்கோ கோயில், கடல் மட்டத்துக்கு மேல் 221 மீட்டர். அங்கே இருந்து பாதை இரண்டாகப் பிரியும். இரண்டு சிவப்புப் புள்ளி போட்டது பழைய பீரங்கி மேடைகள் வழியாகப் போகும், சில இடத்தில் பாறையில் சங்கிலி பிடித்துத்தான் நகர வேணும். ஈரமான நாளில் அந்தப் பக்கம் வேண்டாம். மற்றது காட்டுக்குள்ளால், கூடுதல் ஏற்றம், ஆனால் சங்கிலி இல்லை. தண்ணி ஆளுக்கு 2 லிட்டர்.

படகில் போனால் கமோலி தாண்டினதும் புன்தா கியாப்பா பக்கம் மிதவைகள் தெரியும். அது சூரை மீனுக்குப் போட்ட நிலைவலை. பெரும்பாலும் நைலோன் இல்லை, தென்னை நார்க் கயிற்றில் ஒவ்வொரு வருசமும் கையால் பின்னுகிறவை. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கடலில் கிடக்கும். நார் ஊறி அதில் பாசி பிடிக்கும், பாசிக்கு மீன் வரும். எங்கட கரையில் வளர்ந்த ஆட்களுக்கு அந்தக் கயிற்றின் நிறமே சொல்லும்.

#9 துடுப்பு

தம்பி இல்லை, தங்கச்சி :) விளக்கத்துக்கு மிக்க நன்றி. படகு பற்றி யாருமே எழுதுவதில்லை.

ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? காதல் பாதை திறந்துவிட்டதா?

#10 கச்சான்

மன்னிக்கவும் தங்கச்சி.

#11 உப்புக்கல்

ஐந்தையும் பார்க்கலாம், ஐந்து ரயில் நிலையங்களை. இரண்டு ஊர், ஒரு நடை. அதற்கு மேல் எடுத்தால் நாளின் பாதி நடைமேடையில்தான் போகும்.

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலான காதல் பாதை 2012-ல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியாட்களுக்குத் திறந்தது. நேரம் குறித்து முன்பதிவு, தனிக் கட்டணம். ஒரு கிலோமீட்டர்கூட வராது. மாணவர் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து மோன்தெரோசோ–வெர்னாஸா பாதைக்குப் போடுங்கள். மூன்றரை கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், மோன்தெரோசோ பக்கமிருந்து தொடங்கினால் முதல் அரைமணி படிகள் மூச்சு வாங்கும், பிறகு திராட்சைப் படிவயல்களுக்கு நடுவே போகும். காரை இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய சுவர்கள் அவை. மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், ஒரு கல் நகர்ந்தால் மழையில் வரிசையே இறங்கும்.

கொர்னிலியா மட்டும் மேலே இருக்கிறது, கடலிலிருந்து சுமார் 100 மீட்டர். துறை கிடையாது, படகு நிற்காது. நிலையத்திலிருந்து 380 படிக்கு மேல், அல்லது சின்னப் பேருந்து.

செருப்பு விஷயம் விளையாட்டில்லை. ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் ஏறினால் அபராதம் 50 யூரோவில் தொடங்கி 2500 வரை போகும் என்று சிங்க்வே தெர்ரே தேசியப் பூங்கா நிர்வாகம் 2019-லேயே அறிவித்தது. அடியில் பல் உள்ள காலணி வேண்டும்.

#12 கோப்புக்கட்டு

ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் சேர்ந்ததும் வருவதுதான் லிகூரியாவின் (ஜெனோவா இருக்கும் மாநிலம்) மோசமான மழைக்காலம். அக்டோபர், நவம்பர். வெர்னாஸாவும் மோன்தெரோசோவும் சேற்றில் புதைந்தது 2011 அக்டோபர் 25. அடுத்த பத்து நாளில், நவம்பர் 4-ல், ஜெனோவா நகருக்குள்ளேயே வெள்ளம் ஆறு பேரைக் கொண்டுபோனது.

மலை கடலை ஒட்டியே நிற்கிறது, ஓடைகள் குட்டை. மேலே கொட்டியது அரைமணியில் கீழே வரும். பிரிஞ்ஞோலே பக்கம் பிசாஞ்ஞோ ஆறு சாலைக்கு அடியில் மூடி ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. மாநிலம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் பல்கலைக்கழகமே மூடும். எச்சரிக்கை வந்தால் சிங்க்வே தெர்ரே நடைபாதைகளையும் மூடிவிடுவார்கள். அன்று தரைக்கீழ் நடைபாதை, கீழ்த்தள அறை, ஓடைக்கரை மூன்றும் ஆகாது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது ‘பாதி நிலத்தடி, வாடகை குறைவு’ என்றால் ஓடைக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

#13 கடலைமாவு

சைவம் என்றதால் வந்தேன். இந்தக் கரையில் பட்டினி கிடக்க வேண்டாம். ஃபோகாச்சா என்ற தட்டை ரொட்டியை எடை போட்டு விற்பார்கள், மாவு, ஈஸ்ட், ஆலிவ் எண்ணெய், உப்பு. ரெக்கோ ஊரின் ஃபோகாச்சா இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவே பாலாடைக்கட்டி. பெஸ்தோ என்ற துளசி வகை இலைச் சட்னியில் பாலாடைக்கட்டி கட்டாயம் உண்டு, அதில் போடும் பார்மிஜானோ கன்றின் வயிற்று நொதியால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது ஃபரினாத்தா, கொண்டைக்கடலை மாவுத் தட்டடை. வீட்டிலும் வரும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் மாவு, 10 கிராம் உப்பு, கட்டியில்லாமல் கரைத்துக் குறைந்தது 4 மணி நேரம் வைக்கவும். மேலே வெண்ணுரை திரளும், கரண்டியால் வழித்து எறியுங்கள். எறியாவிட்டால் பச்சை வாடை போகாது. பிறகு அரை டம்ளர் ஆலிவ் எண்ணெய். அடுப்பை உச்சத்தில், 250 டிகிரிக்குக் குறையாமல், காலித் தட்டோடு சூடாக்கி, ஊற்றும்போது அரை செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தடிமனாக ஊற்றினால் ஓரம் கருகி நடு களியாகவே நிற்கும். மேல்பக்கம் தோசைபோல் பழுப்புப் புள்ளி விழுந்தால் எடுக்கலாம். மேலே மிளகு. பஜ்ஜிக்குப் போடும் நம்மூர்க் கடலைமாவும் ஒத்துவரும். பொட்டுக்கடலை மாவு வராது, அது ஏற்கெனவே வறுத்தது, தண்ணீரில் இப்படி உறையாது.

#14 அலைக்கோடு

மேற்குப் பக்கத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஓஸ்பெதாலேத்தியிலிருந்து சான் லொரென்ஸோ அல் மாரே வரை 24 கி.மீ. சைக்கிள் பாதை, கடலை ஒட்டியே. பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றமே கிடையாது. சான் ரெமோவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நோலிக்குப் போக ஸ்போதோர்னோவில் இறங்கிப் பேருந்து. கூட்டமும் குறைவு.

#15 தண்டவாளம்

அலைக்கோடு சொன்னது சரி. ஸ்போதோர்னோ நிலையப் பலகையில் நோலி பெயரும் சேர்ந்தே இருக்கும். மேற்கே ஃபினாலேக்கும் அந்தோராவுக்கும் இடையே இன்னும் ஒற்றைத் தடம், எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும். இணைப்பு வண்டி பிடிப்பதானால் அரைமணி இடைவெளி விடுங்கள்.

#16 துடுப்பு

கடைசியாக ஒன்று. பெர்மெசோ உறை போட்ட பிறகு வரும் முதல் சனிக்கிழமை, கையில் ரசீது, அதிகம் செலவில்லாமல் எங்கே போகலாம்?

#17 கச்சான்

நெர்வி. பிரிஞ்ஞோலேயிலிருந்து கால் மணி நேர ரயில், இன்னும் ஜெனோவா நகர எல்லைக்குள்ளேதான். நிலையத்துக்குக் கீழேயே பாறை மேல் இரண்டு கிலோமீட்டர் நடைபாதை, காசு இல்லை. லிபெச்சோ அடிக்கிற நாளில் அலை அந்தப் பாதைக்கு மேலாலேயே ஏறும், கயிறு கட்டி மூடியிருந்தால் தாண்டாதையுங்கோ. குளிக்க நினைத்தால் ரப்பர்ச் சப்பாத்து கொண்டு போங்கோ, மணல் இல்லை, எல்லாம் பாறையும் கூழாங்கல்லும்தான். ரசீதை வீட்டில் விட்டுப்போட்டு நகலைக் கொண்டு போகாதையுங்கோ. மூலம் பிளாஸ்டிக் உறைக்குள், பைக்குள்.